சோலார் போடலாமா? எங்க குடும்பத்துல மூணு வீடு, மூணு கணக்கு

சோலார் போட்டு மூணாவது வாரம்னு நினைக்கிறேன், மாசாந்திர பராமரிப்புன்னு காலைல ஒம்பது மணிக்கு கரண்ட்ட நிறுத்திட்டாங்க. நல்ல சித்திரை வெயில். மாடில ஆறு பேனல் பளபளன்னு மின்னிக்கிட்டு கிடக்கு, கீழ ஒரு ஃபேன் சுத்தல. அம்மா முந்தானையால விசிறிக்கிட்டே, "ஏண்டா, ரெண்டு லட்சத்துக்கு கண்ணாடிய வாங்கி மாடில காயப் போட்டிருக்கியே, இந்த வேகாத வெயிலுக்கு ஒரு காத்தாடிய சுத்த வைக்க மாட்டேங்குதே"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. இதுல கூத்து என்னன்னா, சோலார்தான் வரப்போகுதே இனிமே இது எதுக்குன்னு பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பத்து நாள் முன்னாடிதான் எடைக்குப் போட்டிருந்தேன்.

போட்டுக் குடுத்தவருக்கு போன் பண்ணா "சார் இது ஆன்-கிரிட்டு, லைன்ல கரண்ட் இருந்தாத்தான் ஓடும், அப்பவே சொன்னேனே"ங்குறாரு. சொல்லியிருக்கலாம், நான் மானியக் கணக்கு கேட்டுக்கிட்டு இருந்த நேரத்துல காதுல விழுந்திருக்காது.

அதுலேர்ந்து சொந்தக்காரங்க யாரு சோலார் பத்தி கேட்டாலும் நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். உங்களுக்கு பில்லு பிரச்சனையா, கரண்ட் கட்டு பிரச்சனையா? ரெண்டுக்கும் அதே பேனல்தான், அதே வெயில்தான், ஆனா வாங்க வேண்டிய சாமான் வேற. இது தெரியாம கொட்டேஷன் வாங்குனா யாரு நல்லா பேசுறாங்களோ அவங்ககிட்ட வாங்கிட்டு வந்துருவோம். இதுவரைக்கும் எங்க வீட்டுக்கு ஒண்ணு, திருச்சில அக்கா வீட்டுக்கு ஒண்ணு, வேதாரண்யம் பக்கம் சித்தப்பா வீட்டுக்கு ஒண்ணுன்னு மூணு கணக்கு போட்டுப் பாத்தாச்சு, மூணுக்கும் மூணு விடை வந்துச்சு.

முதல்ல வகைய சொல்லிடுறேன். ஆன்-கிரிட்ல பேட்டரி கிடையாது, பேனல்ல வர்றத வீடு எடுத்துக்கும், மிச்சம் ஈபி லைனுக்குப் போயிரும், ராத்திரி லைன்லேர்ந்து திரும்ப எடுத்துக்கலாம், நெட் மீட்டர் ரெண்டையும் கழிச்சு கணக்கு காட்டும். ஆஃப்-கிரிட்னா லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பேனல், பேட்டரி, அதுக்கு ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவுதான். ஹைப்ரிட்னா ரெண்டும் சேந்தது, லைனுக்கும் அனுப்பும், பேட்டரியும் வச்சிருக்கும். நாலாவதா ஒண்ணு இருக்கு, அத யாரும் கொட்டேஷன்ல போட மாட்டாங்க: பேசாம இருக்குறது. சோலாரே வேணாம், கட் ஆனா ஓட்டுறதுக்கு ஒரு சாதா இன்வெர்ட்டரும் ஒரு டியூபுலர் பேட்டரியும் போதும்னு விட்டுர்றது. நிறைய வீட்டுக்கு இதுதான் சரியான விடைன்னு நான் சொன்னா சோலார்காரங்க என்ன அடிக்க வருவாங்க.

லைன் போனா ஆன்-கிரிட் ஏன் நிக்குதுன்னு அம்மாவுக்கு புரிய வைக்க எனக்கு ஒரு நாள் ஆச்சு. கம்பத்துல லைன்மேன் ஏறி கை வச்சு வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு, சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணிட்டாங்கன்னு நம்பித்தான் ஏறியிருப்பாரு, அந்த நேரம் நம்ம மாடிலேர்ந்து கரண்ட் லைனுக்குப் போனா ஆளு போயிருவாரு. அதனால லைன் செத்தது தெரிஞ்ச உடனே சோலார் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்துற பெட்டி, தன்ன தானே நிறுத்திக்கும், திரும்ப வந்தாலும் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். இது கோளாறு இல்ல, அப்படித்தான் இருக்கணும். இத சொன்னதும் அம்மா "அப்ப சரி, அந்தப் பாவம் நமக்கு வேணாம்"னுட்டாங்க. ஆனா பராமரிப்பு கட் வர்றது பூரா பகல்ல, வெயில் உச்சத்துல இருக்குறப்பதான், அதுதான் வயித்தெரிச்சல்.

இப்ப பில்லு கணக்குக்கு வருவோம், இங்கதான் நம்ம ஊரு கதை மத்த மாநிலம் மாதிரி இல்ல. நம்ம வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங், முதல் 100 யூனிட் எல்லாருக்கும் ஃப்ரீ. 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டு 2.35, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. ஆகமொத்தம் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபா. ஒரு யூனிட் தாண்டி 501 ஆச்சுன்னா அந்த 2.35 சலுகை போயிரும், பில்லு 2,048. ஒத்த யூனிட்டுக்கு 243 ரூபா! அதுக்கு மேல 600 வரைக்கும் 8.40, 800 வரைக்கும் 9.45, 1000 வரைக்கும் 10.50, அதுக்கும் மேல 11.55. இதெல்லாம் 2024 ஜூலைல ஏத்துனதுக்கு அப்புறம், நான் கணக்கு போட்டப்ப நாம கையில கட்டுன ரேட்டு.

இத ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, சோலார் முதல்ல திங்கிறது நம்ம மேல் ஸ்லாப் யூனிட்ட, அதாவது ரேட்டு கூடுன கடைசி யூனிட்டத்தான். 800 யூனிட் எடுக்குற வீட்டுல முதல் 200 யூனிட்ட குறைச்சா யூனிட்டுக்கு 9.45 மிச்சம், 300 யூனிட் எடுக்குற வீட்டுல 200 குறைச்சா பாதிக்கு 4.70, பாதிக்கு 2.35தான் மிச்சம். ஒரே பேனல், ஒரே வெயில், மதிப்பு மட்டும் வீட்டுக்கு வீடு மாறுது. யூடியூப்ல "மூணு வருஷத்துல போட்ட காசு திரும்பிரும்"னு சொல்றவங்க யாரு வீட்டு பில்ல வச்சு சொல்றாங்கன்னு கேட்டுக்கணும்.

எங்க வீடு ரெண்டு ஏசி, வருஷ சராசரி ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட், அதாவது 4,770 ரூபா, வருஷத்துக்கு ஆறு பில்லு, 28,600. ஒரு கிலோவாட் பேனலுக்கு நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு 4 யூனிட்னு பேப்பர்ல சொல்லுவாங்க, மழை, மப்பு, தூசி எல்லாம் போக என் கைக்கு வர்றது 3.7 மாதிரிதான், 3 கிலோவாட்டுக்கு நாளைக்கு 11, ரெண்டு மாசத்துக்கு 660. 800ல 660 போனா 140, அதுல 100 ஃப்ரீ, பில்லு 94 ரூபா. மொத்த செலவு 2,05,000, மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல மானியம் 78,000, கைக்காசு 1,27,000. நாலரை வருஷத்துல வந்துரும். ஈபி லைன பயன்படுத்துறதுக்கு வாங்குற நெட்வொர்க் சார்ஜ் மாதிரி சில்லறை சமாச்சாரத்த இதுல சேக்கல, அது கணக்க கொஞ்சம் இழுக்கும், தலைகீழா மாத்தாது.

ஆனா ஒரு உண்மைய ஒத்துக்கணும். இப்ப நிதானமா உக்காந்து போட்டுப் பாத்தா எனக்கு 2 கிலோவாட்டே போதும்னு தோணுது. 2 கிலோவாட்டுக்கு அதே ஆளு குடுத்த ரேட்டு 1,45,000, மானியம் 60,000 போக 85,000. அதுல ரெண்டு மாசத்துக்கு 440 யூனிட் வரும், மீதி 360க்கு 987 ரூபா பில்லு, வருஷத்துக்கு 22,700 கிட்ட மிச்சம். நாலு வருஷம்கூட ஆகாது. மூணாவது கிலோவாட்டுக்கு நான் கூடுதலா போட்டது 42,000, அது எனக்கு சம்பாதிச்சுக் குடுக்கறது வருஷத்துக்கு 5,300 சொச்சம்தான், ஏன்னா அது குறைக்கிறது பூரா கீழ் ஸ்லாப் யூனிட்டும், சும்மாவே கிடைக்கிற 100 யூனிட்டுக்கு பக்கத்துல இருக்குறதும். அது திரும்ப எட்டு வருஷம். மானியம் முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு முப்பது முப்பதாயிரம், மூணாவதுக்கு பதினெட்டாயிரம், அதோட நின்னுரும், 78,000க்கு மேல கிடையாது. "ஃபுல் மானியம் வேணும்னா மூணு போடணும் சார்"னு சொன்னா நமக்கு உடனே ஃபுல்லா வாங்கணும்னு கை அரிக்கும், பந்தில உக்காந்தா எல்லாத்தையும் ஒரு கை பாத்துரணும்ங்குற மாதிரி. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குறதா இருந்தேன், அது வந்தா மூணாவதும் வேலை செய்யும்னு மனச தேத்திக்கிட்டு இருக்கேன்.

அக்கா வீட்டு கதை வேற. திருச்சில ரெண்டு பேரு, ஏசி ஒண்ணு, அதுவும் மே மாசம் மட்டும், சராசரி 400 யூனிட், பில்லு 1,175. மச்சானுக்கு ஆபீஸ்ல யாரோ சொல்லி ஆசை வந்துருச்சு, 2 கிலோவாட் கொட்டேஷன் 1,40,000, மானியம் போக 80,000. பில்லு சுத்தமா ஜீரோ ஆகும், ஆனா ஜீரோ ஆகி மிச்சமாகுறது வருஷத்துக்கு 7,050. பதினோரு வருஷம் ஆகும் மச்சான்னு சொன்னேன். அவரு விடல, அப்ப ஒரு கிலோவாட் போட்டா? 75,000ல 30,000 மானியம் போக 45,000, வருஷம் 5,900 மிச்சம், ஏழரை வருஷம். ரெண்டு போடுறதுக்கு ஒண்ணு போடுறது தேவலாம், ஆனா 45,000 ரூபா வேலைக்கு எந்த நல்ல ஆளும் வந்து நிக்க மாட்டேங்குறாங்க, வர்றவங்க பேனல தாங்குற கம்பி ஸ்ட்ரக்சர்ல காச மிச்சம் பிடிச்சுருவாங்க. கடைசில நான் சொன்னது, இப்ப வேணாம், பழைய ஃபேன் நாலையும் மாத்துங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு வர்ற கரண்ட் கம்மியா இழுக்குற புது மோட்டார் ஃபேன் 30க்குள்ள, காத்து அதே காத்துதான். நாலு ஃபேன் நாளைக்கு பத்து மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல நூறு யூனிட்டுக்கு மேல குறையும், செலவு பேனலோட ஒப்பிட்டா சில்லறை. மச்சானுக்கு முகம் சுருங்கிருச்சு. மாடில பேனல் நின்னா தெருவுல போறவன் பாப்பான், ஃபேன மாத்துனா யாரு பாக்குறா.

இங்க ஒரு விஷயம், காசு கணக்கு மட்டும்தான் பாக்கணுமா, சுத்தமான கரண்ட்டுங்குறதுக்கு மதிப்பில்லையான்னு மச்சான் பொண்ணு கேட்டா, காலேஜ் படிக்கிற புள்ள. நியாயமான கேள்வி. இந்தியால உற்பத்தியாகுற கரண்ட்ல ஏறக்குறைய நாலுல மூணு பங்கு இன்னும் நிலக்கரிலேர்ந்துதான் வருது, லைன்ல வர்ற ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு நூறு கிராம் கார்பன் டை ஆக்சைடுன்னு வச்சா எங்க வீட்டு 3 கிலோவாட் வருஷத்துக்கு மூணு டன்னு கிட்ட குறைக்குது. நம்ம நாட்டு சோலார் திறன் 2025 ஜனவரில 100 கிகாவாட்ட தாண்டுச்சு, நம்ம ராமநாதபுரம் மாவட்டம் கமுதில 2016ல 648 மெகாவாட் போட்டப்ப ஒரே இடத்துல இருக்குற பெரிய சோலார் பண்ணைகள்ல ஒண்ணுன்னு உலகமே பேசுச்சு, இன்னிக்கு ராஜஸ்தான் பட்லா பூங்கால அதப் போல மூணு மடங்கு இருக்கு. ஆனா பகல்ல சோலார் பொங்குது, சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் லைட்டு டிவி ஏசின்னு போடுற நேரத்துல சோலார் பூஜ்யம். அப்ப ஓடுறது பெரும்பாலும் அனல் மின்நிலையம்தான். நாம ஆன்-கிரிட்ல பகல்ல குடுத்து ராத்திரி வாங்குறோம்ல, லைன நம்ம பேட்டரி மாதிரி கிட்டத்தட்ட இலவசமா பயன்படுத்துறோம், அதோட பாரத்த சுமக்குறது லைன்தான். அதனால ஒரு யூனிட்ட பகல்ல குடுத்துட்டு ராத்திரி ஒரு யூனிட் எடுத்தா கணக்கு நேராயிருச்சு, நான் சுத்தம்னு நெஞ்ச நிமித்த முடியாதுடீன்னு சொன்னேன். வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார் எல்லாத்தையும் பகல் பதினோரு மணிலேர்ந்து மூணு மணிக்குள்ள ஓட்டுனா அது வேற, அது உண்மையிலேயே நம்ம மாடி வெயில்ல ஓடுறது. எங்க வீட்டுல இப்ப இட்லிக்கு மாவு அரைக்கிறது மத்தியானம்தான்.

சித்தப்பா வீடுதான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்தது. வேதாரண்யம் பக்கம் தோப்புக்குள்ள வீடு, சித்தப்பாவும் சித்தியும் மட்டும், பில்லு பெருசா ஒண்ணும் இல்ல, 250 யூனிட். பில்லுக்காகப் பாத்தா அவங்களுக்கு சோலாரே தேவையில்ல. ஆனா 2018 நவம்பர் 15 ராத்திரி தாண்டி 16 விடியறதுக்குள்ள கஜா புயல் வந்து கரையேறுனது அங்கதான், டெல்டாவுல கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேல சாஞ்சுது, அவங்க வீட்டுக்கு கரண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தண்ணி மோட்டார் ஓடாது, போனுக்கு சார்ஜ் இல்ல, சித்திக்கு சுகர், இன்சுலின வைக்க ஃபிரிட்ஜ் இல்லாம மண்பானைல ஈர மணல் போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் ஜெனரேட்டர் வச்சிருந்தாரு, போனுக்கு சார்ஜ் போட அங்க கியூ நின்னுச்சு. அப்படி ஒரு வீட்டுல ஆன்-கிரிட் இருந்தா என்ன புண்ணியம், லைனே இல்லாத ஒரு மாசத்துக்கு அது மாடில சும்மா நிக்கும்.

அவங்களுக்கு ஆஃப்-கிரிட்டா ஹைப்ரிட்டான்னுதான் போட்டி. ஹைப்ரிட் பேர்ல எல்லாருக்கும் மயக்கம் இருக்கு, ரெண்டும் கிடைக்குதேன்னு. 3 கிலோவாட்டு பேனல், 5 யூனிட் லித்தியம் பேட்டரியோட கேட்டா மூணு லட்சத்துக்கு மேல சொல்றாங்க, மானியம் பேனல் பாகத்துக்கு மட்டும்தான், பேட்டரிக்கு பைசா கிடையாது. ஆஃப்-கிரிட்டுக்கு மானியமே கிடையாது, அந்த திட்டம் லைனோட சேந்த சிஸ்டத்துக்கு மட்டும்தான். இன்னொண்ணு, ஹைப்ரிட் போட்டா கட் நேரத்துல வீடு முழுக்க ஓடும்னு நினைப்பாங்க, ஓடாது, அதுல பேக்கப்புக்குன்னு தனி லைன் இருக்கும், அதுல எதெத சேக்குறோமோ அது மட்டும்தான் ஓடும், ஏசியும் மோட்டாரும் சேத்தீங்கன்னா பேட்டரி ரெண்டு மணி நேரத்துல நாக்கு தள்ளிரும். 250 யூனிட் வீட்டுல லைனுக்கு அனுப்பி மிச்சம் பண்ண ஒண்ணும் இல்லாததால ஹைப்ரிட்டோட பாதி வித்தை அங்க வீண்.

ஆஃப்-கிரிட்ல ஒரு கிலோவாட் பேனலும் ரெண்டு 150 ஏஎச் பேட்டரியும் (ஏஎச்ங்குறது பேட்டரி எவ்வளவு பிடிக்கும்ங்குற அளவு). 12 வோல்ட் 150 ஏஎச்ன்னா பேட்டரிக்குள்ள 1.8 யூனிட் இருக்கு, ஆனா லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல உறிஞ்சுனா சீக்கிரம் செத்துரும், ஆக ரெண்டுக்கும் சேத்து கைல 1.8 யூனிட். பிஎல்டிசி ஃபேன் மூணு ராத்திரி பூரா ஓடுனா 0.9, நாலு எல்இடி லைட், போன் சார்ஜர், ராத்திரி சின்ன ஃபிரிட்ஜ் சாப்பிடுறது ஒரு அரை யூனிட், இழுத்துப் பிடிச்சா பத்தும். பகல்ல ஃபிரிட்ஜ் நேரா வெயில்லயே ஓடிரும். கெட்டது என்னன்னா மத்தியானத்துக்குள்ள பேட்டரி ரொம்பிரும், அதுக்கு மேல அடிக்கிற வெயில் பூரா வீண், எடுத்துக்க ஆளு இல்ல. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், நாலஞ்சு வருஷத்துல மாத்தணும். லித்தியம் போட்டா பத்து வருஷத்துக்கு மேல வரும், தண்ணி ஊத்துற வேலையும் இல்ல, முதல்ல விலை கூட. சித்தப்பாவுக்கு 70 வயசு, பேட்டரிக்கு தண்ணி ஊத்துறத மறந்துருவாருன்னு சித்தியே சொல்லிட்டாங்க, அதனால நான் லித்தியம்னு சொன்னேன்.

எங்க வீட்டுக்கு ஹைப்ரிட் ஏன் போடலன்னு கேக்கலாம். கட்டு எங்களுக்கு மாசத்துல ஒரு பகல், மழைக்காலத்துல அங்கங்க ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 2012ல பத்து பன்னெண்டு மணி நேரம் கட் இருந்த காலத்துல இந்தக் கேள்வி கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு ஹைப்ரிட்டுன்னுருப்பேன். இப்ப மாசம் ஒரு நாளுக்காக ஒரு லட்சத்துக்கு மேல கூட போடுறதுக்கு பதிலா மறுபடி ஒரு சாதா இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் வாங்குனேன், இருபத்தஞ்சாயிரம் கிட்ட ஆச்சு, எடைக்குப் போட்ட காசு எரிச்சல் தனி. ஆன்-கிரிட் சோலார், பக்கத்துல தனியா பழைய மாதிரி இன்வெர்ட்டர், இந்த ஜோடிதான் டவுன்ல இருக்குற பெரும்பாலான வீட்டுக்கு சரின்னு நினைக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சோலார் லைன வீட்டு இன்வெர்ட்டரோட அவுட்புட் பக்கத்துல சேக்கப் பாத்தாரு, பக்கத்துல அந்த போர்டு இருந்துச்சுன்னு. அப்படி சேத்தா கட் நேரத்துல வீட்டு இன்வெர்ட்டர் குடுக்குற கரண்ட்ட சோலார் இன்வெர்ட்டர் ஈபி லைன்னு நினைச்சு ஓட ஆரம்பிச்சு, மிச்சத்த அதுக்குள்ளயே திருப்பித் தள்ளி வீட்டு இன்வெர்ட்டர் புகைஞ்சுரும். சோலார் மீட்டர் பக்கம், மெயின்ல சேரணும். நல்லவேளை நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

எந்த வகைய எடுத்தாலும் மாடி ஒத்துழைக்கணும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம், தெக்கு பாத்து லேசா சாய்வா. நிழல்னா முழு பேனல மூடுற நிழல் இல்ல, தண்ணி டேங்கோட ஓரம், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டு மாடிப்படி ரூம், அது ஒரு பேனல் மேல விழுந்தாகூட சரம் கட்டுன மாதிரி சேந்திருக்குற எல்லா பேனலோட உற்பத்தியும் அடி வாங்கும். வெயில் எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு கரண்ட்னு நினைக்காதீங்க, வெளிச்சம் வேணும், சூடு வேணாம். பேனலோட வாட் கணக்கு 25 டிகிரில போட்டது, மே மாசம் பேனல் 65 டிகிரி கொதிக்கும், அப்ப பத்து சதவீதத்துக்கு மேலயே குறைஞ்சுரும். எங்க வீட்டுல நல்லா வந்தது பிப்ரவரி மார்ச்சுல, அக்னி நட்சத்திரத்துல இல்ல.

ஸ்ட்ரக்சர்தான் எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்து. தரையோட தரையா போட்டா விலை கம்மி, காத்துக்கும் நல்லது. ஆனா அம்மா, "வடாம் எங்க காயப் போடுறது, மல்லி எங்க காயப் போடுறது"ன்னு ஒரே பிடி. எட்டடி உயரத்துல தூக்கிப் போட இருபதாயிரத்துக்கு மேல கூடுச்சு, கீழ நல்ல நிழல் கிடைச்சுது, அந்த நிழல்லயும் வடாம் காயாதுன்னு அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது. இப்ப பேனல் தாண்டி மேக்கு ஓரத்துல ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுற இடத்துல காய்ஞ்சுக்கிட்டு இருக்கு. கடலோர மாவட்டத்துல இருக்குறவங்க உயர ஸ்ட்ரக்சர் போட்டா கம்பிய, போல்ட்ட, அடில போடுற கான்கிரீட்ட நின்னு பாருங்க, உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்த (ஹாட் டிப் கால்வனைஸ்) ஜிஐயா, இல்ல சாதா இரும்புல சில்வர் பெயின்ட்டான்னு பாருங்க. உப்புக்காத்துல பெயின்ட் ரெண்டு மழை தாங்காது.

கழுவுறது அடுத்த வேலை. போர் தண்ணில கழுவி அப்படியே விட்டா வெள்ளையா உப்பு படிஞ்சுரும், அது தூசிய விட மோசம், ஈரத்துணியால தொடச்சு எடுக்கணும். காலைல வெயிலுக்கு முன்னாடி கழுவணும், கொதிக்கிற கண்ணாடில பச்சத்தண்ணிய ஊத்தாதீங்க. காக்கா எச்சம் மட்டும் மழைக்கும் போகாது.

எங்க வீட்டுக்கு முதல் மாசம் ஒரு வினோதம் நடந்துச்சு, நல்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது. பாத்தா லைன் வோல்டேஜ் 260ஐ தொட்டுருது. வீடு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல, பகல்ல தெருவுல லோடு கம்மி, நம்மளும் மேல தள்ளுறோம், வோல்டேஜ் ஏறிருது, இன்வெர்ட்டர் பயந்து நின்னுக்குது. ஈபில எழுதிக் குடுத்து, டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ கூட்டிக் குறைக்கிற டேப்ப மாத்துனதும் சரியாச்சு. போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் மத்தியானம் மத்தியானம் வீட்டு வோல்டேஜ ஸ்டெபிலைசர்ல பாத்து குறிச்சு வச்சுக்குங்க, கொட்டேஷன் குடுக்குறவங்க இத பாக்குறதே இல்ல.

பேப்பர் வேலைல நிறைய பேரு மாட்டுறது பேருலதான். மின் இணைப்பு யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் மானியத்துக்கு அப்ளை பண்ணனும். நம்ம ஊர்ல பாதி வீட்டுல இணைப்பு இன்னும் செத்துப்போன தாத்தா பேர்லதான் இருக்கு. முதல்ல பேர மாத்துங்க, அப்புறம் பேனல் பாருங்க. மானியம் வேணும்னா உள்நாட்டுல செஞ்ச செல் போட்ட பேனல்தான் போடணும், டிசிஆர்னு சொல்லுவாங்க, அது மத்தத விட விலை கூட, சீரியல் நம்பர ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து வச்சுக்குங்க. 2025 செப்டம்பர்லேர்ந்து சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, பழைய ரேட்டுலயே கொட்டேஷன் நீட்டுனா கேளுங்க. 25 வருஷ வாரன்ட்டிங்குறது பேனல் கம்பெனியோடது, போட்டுக் குடுத்த ஆளோடது இல்ல, இன்வெர்ட்டருக்கு அவ்வளவு வருஷம் கிடையவே கிடையாது, நடுவுல ஒரு தடவ மாத்துற காச இப்பவே ஓரமா வச்சுருங்க. வாடகை வீட்டுல இருக்குறவங்களுக்கு இந்தக் கட்டுரைல ஒண்ணும் இல்ல, மன்னிச்சுக்குங்க, ஃபேன மட்டும் மாத்துங்க, வீடு மாறும்போது கழட்டிக்கிட்டுப் போயிரலாம்.

சித்தப்பா வீட்டுக்கு ஆஃப்-கிரிட்டுன்னு முடிவாகி, போன மாசம் இடம் பாக்க போயிருந்தேன். மாடி நல்ல மாடி, தெக்கு திறப்பு, ஆனா ரெண்டு மணிக்கு மேல மேக்கால நிக்கிற ஒரு தென்னமரத்தோட நிழல் நடு மாடில வந்து விழுது. ஒரு மரம்தான சித்தப்பா, எடுத்துட்டா நாளைக்கு ஒரு யூனிட் கூட வருமேன்னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. அந்தத் தோப்புல நூத்துப்பத்து மரம் இருந்துச்சு, கஜாவுக்கு அப்புறம் நின்னது ஒம்பது, அதுல இது ஒண்ணு. "பேனல வேற எங்கயாச்சும் வையி"ன்னுட்டு எழுந்து போயிட்டாரு. மாட்டுக் கொட்டாய் கூரைய மாத்தி அதுக்கு மேல போடலாம்னு இருக்கோம், பதினஞ்சு மீட்டர் வயர் கூடுதலா ஆகும்.